வானத்தைக் கூட்டிய பெண்மணி

கரோலின் ஹேர்ஷல் (1750–1848)



முகில் இல்லாத இரவொன்றில் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரங்களைக் காண்பீர்கள். சிறிய தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தாலோ வேறொன்றையும் காண்பீர்கள். அங்குமிங்குமாகப் புகை படிந்தாற்போலச் சில வெண்திட்டுகள் தென்படும். இவற்றையே முன்னோர் நெபுலா என்றனர். முகில் என்பதே அச்சொல்லின் பொருள்.

இன்று உலகின் பல பாகங்களிலும் வானியலைத் தொழிலாகக் கொள்ளாத பல்லாயிரம் பேர் இந்தத் திட்டுகளைத் தம் வீட்டு முற்றத்திலிருந்தே படம்பிடிக்கின்றனர். மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டுகின்றனர். இது வாயு முகிலா, நட்சத்திரக் கூட்டமா, நமது பால்வீதிக்கு அப்பாலுள்ள இன்னொரு கலக்சியா என்று ஆர்வத்தோடு விவாதிக்கின்றனர். அப்படங்களின் கீழ் ஓர் இலக்கம் எழுதப்பட்டிருக்கும். அந்த இலக்கங்களின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், அதன் தொடக்கத்தில் ஒரு பெண்ணின் அழகான கையெழுத்தைக் காணலாம். வீட்டு வேலைக்கு மட்டுமே உதவுவாள் என்று பெற்ற தாயே முடிவுகட்டியிருந்த பெண் அவர். அவருடைய கதையையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

அடுப்படியில் கழிந்த இளமை

1750ஆம் ஆண்டு மார்ச் 16ஆந் திகதி ஜேர்மனியின் ஹனோவர் நகரில் கரோலின் பிறந்தார். தந்தை ஈசாக் இராணுவ வாத்தியக் குழுவில் ஓபோ என்னும் துளைக்கருவியை வாசிப்பவர். வீடு நிறையப் பிள்ளைகள், வருமானமோ சொற்பம். மூன்று வயதில் பெரியம்மை வந்து சிறுமியின் முகத்தில் தழும்புகளை விட்டுச் சென்றது. பத்து வயதில் தைபஸ் காய்ச்சல் கண்டது. அதன்பின் உடல் வளர்ச்சி நின்றுபோயிற்று. முழு வயதிலும் அவருடைய உயரம் 4 அடி 3 அங்குலமே.

இவளை யார் மணமுடிக்கப் போகிறார்கள் என்று வீட்டார் எண்ணினர். தாயார் அன்னா, மகள் கல்வி கற்பதை விரும்பவில்லை. காலுறை பின்னவும், சமைக்கவும், துணி வெளுக்கவும், தமையன்மாருக்குப் பணிவிடை செய்யவும் தெரிந்தால் போதும் என்பது அவருடைய எண்ணம். தந்தையோ இதற்கு மாறானவர். தாயார் வீட்டில் இல்லாத வேளைகளில் மகளுக்கு வயலின் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். குளிர்மிக்க இரவொன்றில் வீதிக்கு அழைத்துச் சென்று, நட்சத்திரக் கூட்டங்களையும் அப்போது தோன்றியிருந்த வால்வெள்ளி ஒன்றையும் காட்டினார். அந்தத் தந்தையும் 1767இல் கண்மூடினார்.

கரோலினுக்கு இருபத்திரண்டு வயதானபோது விடுதலை வந்தது. பதினொரு வயது மூத்த தமையன் வில்லியம், இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு சிற்றாலயத்தின் ஓர்கன் வாத்தியக்காரராகவும் சங்கீத ஆசிரியராகவும் இருந்தார். தங்கையைத் தம்மோடு அழைத்துச் செல்ல அவர் விரும்பினார். தாயாரோ வீட்டு வேலைக்கு ஆள் இல்லாமற் போய்விடுமே என்று கவலைப்பட்டார். மகளுக்குப் பதிலாக வேலைக்காரி ஒருத்தியை அமர்த்த ஆண்டுதோறும் பணம் தருவதாக வில்லியம் ஒப்புக்கொண்ட பின்னரே அனுமதி கிடைத்தது. 1772 ஆகஸ்டில் கரோலின் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

சங்கீதத்திலிருந்து நட்சத்திரங்களுக்கு

பாத் நகரில் கரோலின் பாடகியானார். தமையன் நடத்திய இசைக் கச்சேரிகளில் தனித்துப் பாடுமளவுக்குத் தேறினார். பேர்மிங்காம் நகரிலிருந்து பாட அழைப்பு வந்தது. தமையன் நடத்தாத கச்சேரியில் பாடுவதில்லை என்று அதனை மறுத்துவிட்டார்.

ஆனால் வில்லியத்தின் மனம் சங்கீதத்தை விட்டு வானத்தின்பால் சென்றுகொண்டிருந்தது. நல்ல தொலைநோக்கி வாங்கப் பணம் போதாமையால் தாமே செய்யத் தலைப்பட்டார். வீடு பட்டறையாயிற்று. உலோக ஆடியை வார்க்கும் அச்சுக்கென குதிரைச் சாணத்தை இடித்துச் சலிக்கும் வேலை கரோலினுக்கு வந்தது. ஆடியைத் துலக்கத் தொடங்கினால் இடையில் கையை எடுக்கக் கூடாது. ஒருமுறை பதினாறு மணித்தியாலம் வில்லியம் கையெடுக்காமலே துலக்கினார். தங்கை அருகிலிருந்து சிறிது சிறிதாக உணவை அவர் வாயில் ஊட்டினார்.

1781 மார்ச் 13ஆந் திகதி இரவு, தாம் செய்த தொலைநோக்கி ஒன்றினால் வில்லியம் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டுபிடித்தார். ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றார் என்றே சொல்லலாம். மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுண் வழங்க, 1782இல் சங்கீதத் தொழிலைக் கைவிட்டு அரண்மனைக்கு அருகிலுள்ள டாச்செற் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். கரோலினின் பாட்டும் அத்துடன் முடிந்தது. அவருடைய விருப்பத்தை யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

கண்டுபிடித்த திட்டுகள்

வில்லியம் தங்கைக்கு ஒரு சிறு தொலைநோக்கியைக் கொடுத்து, வானத்தை ஒழுங்காகத் துழாவிப் பார்க்கும்படி சொன்னார். இந்த வேலையை அவர்கள் கூட்டுதல் என்றே அழைத்தனர். வீடு கூட்டுபவர் மூலை முடுக்கை விடாதது போல, வானத்திலும் ஒரு மூலையையும் விடக்கூடாது. கூப்பிட்ட குரலுக்கு எவரும் இல்லாத புல்வெளியில், பனியில் நனைந்து தனியே இரவைக் கழிப்பது ஆரம்பத்தில் கரோலினுக்குப் பெரும் சலிப்பாயிருந்தது. ஆயினும் விடவில்லை.

அக்காலத்தில் பிரான்ஸ் தேசத்து மெசியே என்பவர் நூறு அளவிலான திட்டுகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டிருந்தார். 1783ஆம் ஆண்டு கரோலின் அந்தப் பட்டியலில் இல்லாத திட்டுகளைக் காணத் தொடங்கினார். ஆகஸ்டில், அந்திரோமீடா நெபுலாவின் அருகே இன்னொரு திட்டைக் கண்டார். மெசியே அதனை முன்னரே பார்த்திருந்தும் வெளியிட்டிருக்கவில்லை. செப்டெம்பர் 23ஆந் திகதி அடிவானத்துக்குச் சற்று மேலே, நீண்டு மங்கிய ஒளித்திட்டு ஒன்றைக் கண்டார். இன்று என்.ஜீ.சீ. 253 என வழங்கும் மாபெரும் கலக்சி அதுவே. ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஒளியாண்டு தூரத்திலிருந்து அதன் ஒளி வருகிறது. இங்கிலாந்தில் அது அடிவானத்தை ஒட்டியே எழும். நமது இலங்கையிலோ நவம்பர் இரவுகளில் தென்வானில் நன்கு உயர்ந்து நிற்கும். இருளான இடத்தில் இரட்டைக் கண் தொலைநோக்கியாலும் அதைக் காணலாம்.

இந்தச் சிறு கருவிக்கே இத்தனை அகப்படுமானால் பெரிய கருவிக்கு எத்தனை அகப்படும் என்று தமையன் சிந்தித்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில், 20 அடி நீளத் தொலைநோக்கியுடன் அவருடைய மாபெரும் தேடல் ஆரம்பமாயிற்று. தங்கையின் தனி முயற்சி தமையனின் பெரும் பணிக்கு வழிகாட்டிற்று. ஆனால் அதன்பின் தங்கைக்குத் தம் சொந்தத் தேடலுக்கு நேரம் குறைந்தது.

விளக்கருகே இருபது ஆண்டுகள்

அந்தத் தேடல் எவ்வாறு நடந்தது என்பதைக் கேளுங்கள். வில்லியம் உயரத்திலுள்ள மேடையில் நின்று பார்ப்பார். வெளிச்சத்தைப் பார்த்தால் இருளுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். ஆகவே அவர் எழுதமுடியாது. கண்டதைக் குரல் கொடுத்துச் சொல்வார். கரோலின் யன்னலருகே விளக்கும் மணிக்கூடும் வைத்துக்கொண்டு நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்வார். பகலில் அவற்றைக் கணக்கிட்டுச் செம்மையாகப் படியெடுப்பார். இத்தனை கணக்குச் செய்த அவருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு கடைசிவரை மனப்பாடமாகவில்லை. அதை ஒரு தாளில் எழுதி அருகே வைத்திருந்தார்.

1783ஆம் ஆண்டின் கடைசி இரவு. நிலமெங்கும் பனி. தொலைநோக்கியின் மறுமுனையில் ஏதோ திருத்தும்படி தமையன் அவசரப்படுத்தினார். இருளில் ஓடிய கரோலின் சறுக்கி விழுந்தார். இறைச்சிக் கடைக் கொளுக்கி போன்றதோர் இரும்புக் கொளுக்கி முழங்காலுக்கு மேலே தொடையில் ஏறிவிட்டது. அவரைத் தூக்கி எடுத்தபோது ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ் தசை கொளுக்கியோடு போயிற்று. மருந்து கட்டிக்கொண்டவரும் அவரே. பின்னர் அவர் ஆறுதல் கொண்டது எதைப்பற்றித் தெரியுமா? அன்றிரவு மிகுதி நேரம் முகில் மூடிவிட்டதால் தமையனின் வேலைக்குப் பெரிய நட்டமில்லையாம்!

இவ்விதம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உழைத்து 2,500 நெபுலாக்களையும் நட்சத்திரக் கூட்டங்களையும் இருவரும் பதிவுசெய்தனர். 1786இல் ஆயிரம், 1789இல் ஆயிரம், 1802இல் ஐந்நூறு என மூன்று பட்டியல்கள் வெளிவந்தன. அவற்றில் வில்லியத்தின் பெயரே நின்றது.

இத்திட்டுகள் யாவை என்ற கேள்வி வில்லியத்தை வாட்டியது. எல்லாமே தூரத்து நட்சத்திரக் கூட்டங்கள் என்று ஒரு காலம் நம்பினார். 1790 நவம்பரில், ஒரு தனி நட்சத்திரத்தைச் சுற்றி மங்கலான ஒளிப்போர்வை இருப்பதைக் கண்டு அந்த நம்பிக்கையைக் கைவிட்டார். சில திட்டுகள் உண்மையிலேயே முகில்கள் என ஒப்புக்கொண்டார். மற்றும் பல, நமது பால்வீதிக்கு வெளியே உள்ள தனித்தனிக் கலக்சிகள் என்பது 1920களிலேயே ஹபிள் என்ற அமெரிக்கரால் நிறுவப்பட்டது. எது எதுவென்று தெரியாத காலத்திலும், கண்டதைக் கண்டபடி சரியான இடத்தோடு எழுதிவைத்தமையால்தான் பின்வந்தவர்கள் அதே திட்டை மீண்டும் தேடிப் பார்க்க முடிந்தது.

தம் பெயரால் வந்த புகழ்

1786 ஆகஸ்டில் வில்லியம் ஜேர்மனிக்குச் சென்றிருந்தார். கரோலினுக்குத் தமக்கென நேரம் கிடைத்தது. ஆகஸ்ட் முதலாந் திகதி அவர் புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டார். மறுநாளே றோயல் சங்கத்தின் செயலாளருக்கு அறிவித்தார். 1797 வரை எட்டு வால்வெள்ளிகளைக் கண்டார். கடைசி வால்வெள்ளியைக் கண்ட பின்னர், ஒரு மணித்தியாலம் மட்டுமே உறங்கிவிட்டு, குதிரையேறி இருபது மைலுக்கு மேற்பட்ட தூரம் பயணஞ்செய்து கிறீனிச் வானாய்வு நிலையத்தில் அச்செய்தியைச் சொன்னார்.

1787இல் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண் சம்பளம் வழங்கினார். விஞ்ஞானப் பணிக்காக இங்கிலாந்தில் சம்பளம் பெற்ற முதற் பெண்மணி அவரே. தம் விருப்பப்படி செலவிடத்தக்க பணம் முப்பத்தேழாவது வயதில்தான் முதன்முதலாக அவர் கைக்கு வந்தது.

அடுத்த ஆண்டு வில்லியம் மேரி என்னும் விதவையை மணந்தார். பதினாறு ஆண்டுகள் வீட்டை நிர்வகித்த கரோலின் வேறு வீட்டுக்குச் சென்று தங்கவேண்டியதாயிற்று. அவர் மனம் புண்பட்டது. பிற்காலத்தில் அந்த ஆண்டுகளின் நாட்குறிப்புகளைத் தாமே அழித்துவிட்டார். கோபத்தில் எழுதியவை பிறர் கண்ணில் படவேண்டாம் என்று எண்ணினார் போலும். ஆனால் காலப்போக்கில் மைத்துனியோடு அன்பு கொண்டார். அவர்களுக்கு 1792இல் பிறந்த மகன் ஜோன், அத்தையின் கண்மணியானான். பழைய நட்சத்திரப் பட்டியல் ஒன்றின் பிழைகளைத் திருத்தி, அதில் விடுபட்ட ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நட்சத்திரங்களையும் கரோலின் சேர்த்தார். 1798இல் றோயல் சங்கம் அதனைப் பிரசுரித்தது.

முதுமையிலும் ஓயாத கை

1822 ஆகஸ்ட் 25ஆந் திகதி வில்லியம் இறந்தார். எழுபத்திரண்டு வயதான கரோலின் துயரம் தாளாமல் ஹனோவருக்குத் திரும்பினார். அங்கே வீட்டுக் கூரைகள் வானத்தை மறைத்தன. வானம் தெரியாவிட்டால் என்ன, தாளும் பேனாவும் இருந்தன. தமையனின் 2,500 நெபுலாக்களையும், தொலைநோக்கியில் தேடுவதற்கு வசதியாக, வானத்தின் பகுதிவாரியாக மீண்டும் ஒழுங்குபடுத்தி எழுதி, மருமகன் ஜோனுக்கு அனுப்பினார்.

அந்தக் கையெழுத்துப் பட்டியலைத் துணையாகக் கொண்டு ஜோன் தந்தை கண்டவற்றை மறுபடி பார்த்தார். 1834இல் தென்னாபிரிக்காவுக்குச் சென்று தென்வானத்தையும் துழாவினார். 1864இல் அவர் வெளியிட்ட பொதுப் பட்டியலில் 5,079 பொருள்கள் இருந்தன. 1888இல் டிறேயர் என்பவர் அதனை விரிவாக்கி 7,840 பொருள்களைக் கொண்ட புதிய பொதுப் பட்டியலை வெளியிட்டார். என்.ஜீ.சீ. என்ற எழுத்துகள் அதனையே குறிக்கின்றன. இன்று வானப் படம் எடுப்போர் எழுதும் இலக்கங்கள் இவ்வழி வந்தவையே.

தமையனின் பட்டியலை ஒழுங்குசெய்த பணிக்காக 1828இல் றோயல் வானியல் சங்கம் கரோலினுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அப்பதக்கம் இன்னொரு பெண்ணுக்குக் கிடைக்க 1996 வரை 168 ஆண்டுகள் கழிந்தன. அதைப் பெற்ற வேரா றூபின் கலக்சிகளை ஆராய்ந்தவர் என்பது பொருத்தமே. 1846இல், 96ஆவது பிறந்தநாளன்று, பிரஷ்ய மன்னரின் தங்கப் பதக்கமும் கரோலினை வந்தடைந்தது. ஆயினும் தம்மைப் புகழ்ந்தால் தமையனின் புகழ் குறையும் என்றே அவர் அஞ்சினார்.

1847இல் ஜோனின் தென்வான ஆய்வு நூல் அச்சாகி அத்தையின் கைக்கு வந்தது. குடும்பம் தொடங்கிய வேலை, வானம் முழுவதையும் சுற்றி நிறைவுபெற்றதை அவர் கண்டார். 1848 ஜனவரி 9ஆந் திகதி, 97ஆவது வயதில், அமைதியாக உயிர்நீத்தார். அவர் விரும்பியபடி தமையனின் தலைமயிர்ச் சுருள் ஒன்றும், தந்தை பாவித்த பழைய பஞ்சாங்கம் ஒன்றும் பேழையில் வைக்கப்பட்டன. வீதியில் நின்று முதன்முதல் வால்வெள்ளியைக் காட்டிய தந்தையை அவர் மறக்கவில்லை.

வாசகர்களே, அந்தத் தகப்பன் மகளை வெளியே அழைத்துச் செல்ல அதிக நேரம் பிடித்திராது. பணச் செலவும் இல்லை. உங்கள் வீட்டிலும் எதற்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்ட ஒரு பிள்ளை இருக்கலாம். பிறர் பெயருக்காக ஓயாது உழைத்து, தன் பெயர் எங்கும் எழுதப்படாத ஒரு சகோதரி இருக்கலாம். இன்றிரவு முகில் இல்லையானால் அவர்களை முற்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வானத்தைக் காட்டுங்கள். அவர்கள் என்ன காண்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.