தாது வருடத்து ரொட்டித் துண்டு

(பத்தாம் வகுப்பு மாணவி, நெல்லிவாசல்நாடு)

எங்கள் மலையில் சாமை பொய்த்த ஆண்டு வந்தால் ஆண்கள் வெளியூர்க் காப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். சென்ற ஆண்டு என் தந்தையும் போனார். படிப்பை நிறுத்திவிடலாமா என்று நான் எண்ணியிருந்த நாட்களில்தான் டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் வரலாறு என் கைக்குக் கிடைத்தது. வேலூர் ஆஸ்பத்திரி என்றால் எங்கள் மலையில் சிறு குழந்தைக்கும் தெரியும். அதை உருவாக்கியவர் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர் என்பது எனக்குத் தெரியாது.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையும் மருத்துவ மிஷனெரிகள். அவருடைய ஆறாம் ஏழாம் வயதில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். ரொட்டியை வாங்கித் தாமே வாயில் வைக்கவும் வலுவற்ற பிள்ளைகளுக்குச் சிறுமி ஐடா துண்டு துண்டாகப் பிட்டு ஊட்டினாள்.

உடனே அவர் சேவை செய்ய உறுதி பூண்டார் என்று நினைத்துவிடாதீர்கள், தோழியரே. நடந்தது நேர்மாறு! இந்த நாடும் இதன் வறுமையும் வேண்டாம், அமெரிக்காவில் சுகமாக வாழ்வோம் என்றே அவர் முடிவு செய்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

நோயுற்ற தாயைக் கவனிக்க 1890-இல் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைப் பார்க்க அவரை அழைத்தனர். ஐடாவோ அப்போது மருத்துவம் படிக்காதவர். தந்தையை அனுப்புகிறேன் என்றார். ஆண் மருத்துவர் கூடாது என்று மூவரும் மறுத்துச் சென்றனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அதன்பின் அவர் தம்மைப் பற்றி எண்ணவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1899-இல் பட்டம் பெற்றார்.

பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டப் பணம் வேண்டுமே! ஷெல் என்ற செல்வர் தம் மறைந்த மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் தந்தார். 1900-இல் அம்மையார் வேலூர் வந்தார். அதே ஆண்டில் தந்தையும் இறந்தார். மனந்தளராமல் வீட்டின் ஓர் அறையிலேயே வைத்தியம் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. வர இயலாத ஏழைகளைத் தேடிச் சாலையோர மரநிழலிலும் மருந்து கொடுத்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறந்தார். 1922-இல் 14 பெண்கள் அங்கே படித்துத் தேறினர்.

1930-களில் உலகெங்கும் பணமுடை. அந்த வேளையில், பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்த்தினால்தான் பள்ளி நடக்கலாம் என்ற நிலை வந்தது. ஆய்வுக்கூடம், ஆசிரியர்கள், படுக்கைகள் எல்லாம் கூட வேண்டும். 1941-இல், எழுபது வயதில், போர்க்காலத்தில், அம்மையார் அமெரிக்கா சென்று உதவி கேட்டார். ஆண்களையும் சேர்த்தால் உதவி பெருகும் என்றபோது, பெண்களுக்கென்றே தொடங்கியதை மாற்றக் கூடாது என்று பழைய தோழியர் சிலர் வருந்தினர். அவர் மனம் எவ்வளவு நொந்திருக்கும்! ஆயினும் இசைந்தார். 1942-இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-இல் ஆண்களும் சேர்ந்தனர். 1960-இல் கொடைக்கானலில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

கேட்பது எங்கள் வீட்டில் அவமானம். கட்டணத்துக்குத் தவணை கேட்கவே நான் ஒரு வாரம் தயங்கினேன். அவர் பிறருக்காக வாழ்நாள் முழுவதும் கேட்டார். ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் ஆண்டவரிடம் கொடுத்த சிறுவனும் அது ஐயாயிரம் பேருக்குப் போதுமா என்று கணக்குப் பார்க்கவில்லை.

விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். அம்மா இருந்த சாமையில் ஒரு படியை அடுத்த வீட்டு ஆயாவுக்கு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நமக்கு எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. முறத்தை வாங்கி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.