லூயி பிரெயிலின் அப்பா

ஜனவரி 4 லூயி பிரெயில் பிறந்தநாள். அவரோட ஆறு புள்ளி எழுத்து எல்லாருக்கும் தெரியும். நான் எழுதப்போறது அவர் வீட்டைப் பத்தி.

பாரிஸுக்குக் கிழக்கே கூவ்ரே என்று ஒரு கிராமம். அப்பா சிமோன் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. 1812-இல் மூணு வயசு லூயி பட்டறையில் விளையாடியபோது, தோல் வேலைக் கருவி ஒன்று கண்ணில் குத்திவிட்டது. சீழ் பிடித்து அடுத்த கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதில் இரண்டுமே போச்சு. தன் பட்டறை, தன் கருவி! அந்த அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்குமா?

ஆனா அவர் பிள்ளையை மூலையில் உட்கார வைக்கலை. கைத்தடி செய்து கொடுத்து நடக்கவிட்டார். பலகையில் எழுத்து வடிவமாக ஆணி அடித்து, விரலால் தடவிப் படிக்க வைத்தார். ஊர்ப் பாதிரியார் பாடம் சொன்னார். வாத்தியார் மற்ற பிள்ளைகளோடு வகுப்பில் சேர்த்துக்கொண்டார். பாரிஸில் பார்வையற்ற சிறுவர்களுக்கென்றே ஒரு பள்ளி இருந்தது. ஊர்ப் பிரபு சிபாரிசு செய்ய, உதவித்தொகையோடு அங்கே இடம் கிடைத்தது. 1819 பிப்ரவரியில் பத்து வயசு லூயியை அப்பாவே கூட்டிட்டுப் போய்ச் சேர்த்தார்.

அங்கேதான் பார்பியே என்பவரின் 12 புள்ளி முறை லூயியின் கைக்கு வந்தது. 15 வயசில் அதை ஆறாகக் குறைத்தார்!

1852-இல், 43 வயசில், லூயி காசநோயில் இறந்தார். பிரான்சில் அவர் எழுத்து முறைப்படி ஏற்கப்பட்டது 1854-இல்தான். அப்பா 1831-லேயே போயிட்டார். அந்த வீடும் பட்டறையும் இப்போ கூவ்ரேயில் அருங்காட்சியகம்.