சீனாவுக்குச் சமமாக இடம் கேட்ட கோவைத் தமிழர்

திருப்பூர்ப் பனியன் கப்பலேறிப் போகிறது. டாலர் திரும்பி வருகிறது. அந்த டாலருக்கு எத்தனை ரூபாய் கிடைக்கும்? வியாபாரியின் லாபமும் தொழிலாளியின் வேலையும் அதைப் பொறுத்தவை.

நாடுகள் தங்கள் நாணய மதிப்பைப் போட்டி போட்டுக் குறைத்தால் வாணிபம் நிலைகுலையும். 1930-களில் உலகம் அந்தத் துன்பத்தை அனுபவித்தது. மீண்டும் அது நேராதிருக்க, 1944 ஜூலையில் அமெரிக்காவிலுள்ள பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடின. சர்வதேச நிதியமும் உலக வங்கியும் அங்கேதான் உருவாயின.

இந்தியக் குழுவில் ஒரு தமிழர் இருந்தார். அவர்தான் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1892-ல் கோவையில் பிறந்தவர். திருப்பூரும் அன்று கோவை மாவட்டத்தைச் சேர்ந்ததே. சென்னையில் சட்டம் பயின்றார். மத்திய சட்டசபைத் தலைவரானார். 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார்.

நிதியத்தில் ஒவ்வொரு நாடும் பங்குப் பணம் கட்டவேண்டும். பங்கு பெரிதானால் ஓட்டும் அதிகம். முதல் ஐந்து நாடுகளுக்கு நிர்வாக சபையில் அன்று நிலையான இடம் இருந்தது.

சீனா அப்போது ஜப்பானை எதிர்த்துப் போரிட்டுக் கொண்டிருந்தது. அமெரிக்கா அதை வல்லரசாக மதித்தது. சீனக் குழுவுக்குச் சீன நிதி மந்திரி குங் தலைவர். இந்தியாவோ அடிமை நாடு. அதன் குழுவுக்குத் தலைவர் ரெய்ஸ்மன் என்ற ஆங்கிலேயர்!

சீனாவுக்குச் சமமான பங்கு வேண்டும் என்று இந்தியக் குழு வாதாடியது. ஏழை நாடுகளின் வளர்ச்சியும் நிதியத்தின் நோக்கமாக வேண்டும் என்றது. போர்க்காலத்தில் பிரிட்டன் பட்ட கடனைத் திரும்பப் பெறவும் வழி கேட்டது. பிரிட்டன் இணங்கவில்லை. பங்கிலும் சீனாவுக்கு 55 கோடி டாலர். இந்தியாவுக்கு 40 கோடிதான். அது ஆறாவது இடம்.

ஆனால் சோவியத் ரஷ்யா நிதியத்தில் சேரவில்லை. இந்தியா ஐந்தாவது இடத்துக்கு உயர்ந்தது. நிலையான இடமும் கிடைத்தது. சீனாவிலோ 1949-ல் ஆட்சி மாறியது. பீக்கிங் அரசு நிதியத்தில் அமர 1980 வரை காத்திருக்க நேர்ந்தது.

சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியானார். 1947 நவம்பர் 26 அன்று முதல் பட்ஜெட்டைச் சமர்ப்பித்தார். மறு ஆண்டே பதவி விலகினார். 1949-ல் உலக வங்கி இந்திய ரயில்வேக்கு 3 கோடியே 40 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. இந்தியா அங்கே பெற்ற முதல் கடன் அது.

கணக்கில் வல்லவரான அவர் தமிழிசை வளரப் பாடுபட்டார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரையும் எழுதினார். 1953-ல் காலமானார்.