நாஜிக்கள் காலி செய்த கச்சேரி வீடு... யார் இந்த வாண்டா லண்டோவ்ஸ்கா?

1940 மார்ச், பாரிஸ். ஒலிப்பதிவுக் கூடத்தில் 60 வயதுப் பெண் ஒருவர் ஸ்கார்லாட்டியின் சொனாட்டாவை வாசித்துக்கொண்டிருக்கிறார். திடீரென வெளியே விமான எதிர்ப்பு பீரங்கிகள் முழங்குகின்றன. அவர் நிறுத்தவே இல்லை. அந்தப் பதிவு இன்னைக்கும் இருக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேட்டால் இசைக்குப் பின்னால் பீரங்கிச் சத்தமும் கேட்கும்.

அவர்தான் வாண்டா லண்டோவ்ஸ்கா. 1879-ல் வார்சாவில் பிறந்த, யூத வம்சாவளிப் பெண். அவர் வாசித்தது ஹார்ப்சிகார்டு.

பார்க்க பியானோ மாதிரிதான் இருக்கும். ஆனால் பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தட்டும். ஹார்ப்சிகார்டில் ஒரு சின்ன முனை கம்பியைச் சுண்டிவிடும். அந்த வகையில் இது வீணைக்குச் சொந்தம். எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் சத்தம் பெரிதாகக் கூடாது. நாலு சுவருக்குள், கிட்ட உட்கார்ந்து கேட்பவர்களுக்கான கருவி இது. பெரிய அரங்குகளும் பியானோவும் வந்ததும் ஓரங்கட்டப்பட்டது. பாக், ஹார்ப்சிகார்டுக்காக எழுதியதைக்கூட பியானோவில்தான் வாசித்தார்கள்.

1900-ல் பாரிஸுக்கு வந்த வாண்டா இதை மாற்றக் கிளம்பினார். 1907-ல் ரஷ்யாவில் டால்ஸ்டாய் வீட்டுக்கே ஹார்ப்சிகார்டைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். பிறகு பிளேயெல் நிறுவனம் இவருக்காகப் பெரிய ஹார்ப்சிகார்டு ஒன்றை உருவாக்க, 1912-ல் அது மேடையேறியது. உண்மையில் அது பாக் காலத்துக் கருவியைவிட மிகவும் கனமானது. பின்னால் வந்த கலைஞர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் ஒதுக்குவதற்கே அவர்களுக்கு ஒரு பாதை வேண்டியிருந்தது, இல்லையா?

1919-ல் கார் விபத்தில் கணவர் ஹென்றி லியூ இறந்துபோனார். 1925-ல் பாரிஸுக்கு வடக்கே உள்ள சேன்-லூ-லா-ஃபோரே என்ற சிற்றூரில் வாண்டா வீடு வாங்கினார். தோட்டத்தில் சின்னதாக ஒரு கச்சேரிக்கூடம் கட்டி 1927-ல் திறந்தார். அங்கேயே பள்ளி, அங்கேயே கச்சேரி. பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். 1933 மே 14 அன்று அந்தக் கூடத்தில் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' முழுவதையும் வாசித்தார். 30 மாறுபாடுகள், ஒரே அமர்வில். மறக்கப்பட்ட கருவிக்கு ஏற்ற அறை ஒருவழியாகக் கிடைத்துவிட்டது.

ஏழே வருஷம்தான். 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது, மாணவியும் உதவியாளருமான டெனீஸ் ரெஸ்தூவுடன் தெற்கே தப்பி ஓடினார். செப்டம்பரில், இசைப் பொருட்களைக் கைப்பற்றவென்றே அமைக்கப்பட்ட நாஜிப் பிரிவு வீட்டுக்குள் புகுந்தது. ஹார்ப்சிகார்டுகள், கையெழுத்துப் பிரதிகள், ஆயிரக்கணக்கான புத்தகங்கள், ஷோபின் மயோர்க்கா தீவில் வாசித்த சின்ன பியானோ என எல்லாம் பெட்டி பெட்டியாக ஜெர்மனிக்குப் போயின. போருக்குப் பிறகு சில மட்டுமே திரும்பக் கிடைத்தன.

லிஸ்பன் வழியாகக் கப்பலேறிய இருவரும் நியூயார்க் வந்திறங்கியது 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அதே நாள்! வாண்டாவுக்கு அப்போது 62 வயது. பதினோரு வாரங்களுக்குள், 1942 பிப்ரவரி 21-ல், டவுன் ஹால் அரங்கில் மறுபடியும் அதே கோல்ட்பெர்க்கை வாசித்தார்.

சேன்-லூவுக்கு அவர் திரும்பவே இல்லை. கனெக்டிகட் மாநிலத்தின் லேக்வில் என்ற ஊரில் குடியேறினார். பாக்கின் 'வெல்-டெம்பர்ட் கிளேவியர்' இரண்டு தொகுதிகளையும் பதிவு செய்யும் வேலை 1949-ல் தொடங்கி 1954 வரை நீண்டது. அவருக்கு 70 வயது தாண்டியிருந்தது. அதனால் ஒரு கட்டத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளே லேக்வில் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வாசித்தது தன் வீட்டு அறையில். 1959 ஆகஸ்ட் 16 அன்று அதே ஊரில் காலமானார்.