ஒரு பவுண்டு விதை

மலேரியாக் காய்ச்சல் கண்டவர்களுக்கு முன்பெல்லாம் கொடுத்த மருந்து கொய்னா. அது எட்டிக்காய் போலக் கசக்கும். குழந்தைகளின் கையையும் காலையும் பிடித்துக்கொண்டுதான் வாயில் ஊற்ற வேண்டும். ஆனாலும் போகிற உயிரை அது பிடித்து நிறுத்தியது.

இந்த மருந்து ஒரு மரத்தின் பட்டையில் இருந்து கிடைக்கிறது. சிங்கோனா என்பது அந்த மரத்தின் பெயர். சிங்கோனாவில் பல சாதிகள் உண்டு. அவற்றுள் கொய்னா மிகுதியாக உள்ள சாதிக்கு லெட்ஜெரியானா என்று பெயர். சார்லஸ் லெட்ஜர் என்ற வெள்ளைக்கார வியாபாரியின் நினைவாக வைத்த பெயர் அது.

பல லட்சம் பேரைப் பிழைக்க வைத்த மரம் அது. ஆனால் அதன் விதையை உலகுக்குக் கொடுத்த இருவருக்கும் நல்ல முடிவு கிடைக்கவில்லை.

கப்பல் ஏறினார்

லெட்ஜர், லண்டன் நகரில் 1818-ம் ஆண்டு மார்ச் 4-ந்தேதி பிறந்தார். தகப்பனார் வியாபாரத் தரகர்.

1836-ம் ஆண்டு, 18 வயதில், அவர் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறினார். தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில் போய் இறங்கினார். அங்கே ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கம்பளி மயிரும் சிங்கோனாப் பட்டையும் அந்த ஊரின் முக்கியச் சரக்குகள். எது நல்ல பட்டை, எது மட்டமான பட்டை என்று பார்த்துச் சொல்ல அவர் கற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில் சொந்தமாகவே வியாபாரம் தொடங்கினார்.

அப்போது அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர்தான் மனுவேல் இன்க்ரா மமானி. இவர் பொலிவியா நாட்டின் மலைவாசி. ஐமாரா என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். சிங்கோனா மரம் தேடுவதில் கைதேர்ந்தவர்.

சிங்கோனாக் காட்டில் எல்லா மரமும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஒரு மரத்தின் பட்டையில் மருந்து நிறைய இருக்கும். பக்கத்து மரத்தின் பட்டையில் ஒன்றுமே இராது. மமானிக்கு இலையையும் பட்டையையும் பார்த்தாலே போதும். நல்ல மரம் எது என்று சொல்லிவிடுவார்.

விதைக்குத் தடை

சிங்கோனாப் பட்டையின் குணம் ஐரோப்பாவுக்கு 17-ம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. பட்டையைப் பொடி செய்து திராட்சை மதுவில் கலந்து குடித்தார்கள். 1820-ம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பெல்லத்தியே, கவாந்து என்ற இருவர் பட்டையில் இருந்து மருந்துச் சத்தை மட்டும் தனியே பிரித்து எடுத்தார்கள். அந்தச் சத்துதான் கொய்னா.

மலேரியாக் கிருமி மனிதனின் ரத்த அணுவுக்குள் புகுந்து, அங்குள்ள சிவப்புச் சத்தைத் தின்று வளர்கிறது. தின்றதில் மிஞ்சும் கழிவு விஷம். கிருமி அந்த விஷத்தைக் கட்டியாக்கி ஒதுக்கிவிட்டுத் தான் பிழைத்துக்கொள்கிறது. கொய்னா உள்ளே போனால் அந்த வேலை நடக்காது. தன் விஷத்தாலேயே கிருமி சாகிறது.

இத்தகைய மருந்து தென் அமெரிக்க மலைக்காட்டில் மட்டுமே கிடைத்தது. பட்டைக்காக மரங்களை வெட்டி வெட்டிக் காடும் குறைந்துகொண்டே வந்தது. ஆசியாவில் நாடு பிடித்திருந்த பிரிட்டிஷாரும் டச்சுக்காரரும் மரத்தைத் தங்கள் நாடுகளில் வளர்க்க ஆசைப்பட்டார்கள். பொலிவியா சர்க்கார் விதையோ கன்றோ வெளியே போகக்கூடாது என்று தடை போட்டது. விதை போனால் வியாபாரமும் போய்விடும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் பிற்காலத்தில் உண்மை ஆயிற்று.

1860-ம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்கார் மார்க்கம் என்பவர் தலைமையில் ஆட்களை அனுப்பியது. அவர்கள் கொண்டு வந்த சிவப்புப் பட்டை மரங்கள் நீலகிரியில் செழித்து வளர்ந்தன. ஆனால் அவற்றில் கொய்னா குறைவாகவே இருந்தது. டச்சுக்காரர் ஜாவாத் தீவில் வளர்த்த மரங்களின் கதியும் அதுதான்.

ஐந்தாவது ஆண்டு

அந்தச் சமயத்தில் லெட்ஜர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். அல்பாக்கா என்ற கம்பளி விலங்குகளை அவர் பெரு நாட்டின் தடையை மீறி, மலையும் பனியும் கடந்து ஓட்டிப் போனார். 1858-ம் ஆண்டு 256 விலங்குகளோடு சிட்னி நகரில் இறங்கினார். பெயர் கிடைத்தது. ஆனால் எதிர்பார்த்த பணம் சேரவில்லை.

பிரிட்டிஷார் விதை தேடும் செய்தி அவர் காதுக்கு எட்டியது. உடனே மமானிக்குச் சொல்லி அனுப்பினார். மிக உயர்ந்த மரத்தின் விதை வேண்டும் என்று கேட்டார்.

மமானி காட்டுக்குள் போனார். சிங்கோனாக் காய் வெடித்தால் விதை காற்றில் பறந்துவிடும். அதற்கு முன்பே பறித்துவிட வேண்டும். ஆனால் முதல் ஆண்டு பனி விழுந்து பூவெல்லாம் கருகியது. இரண்டாம் ஆண்டும் அப்படியே. நான்கு ஆண்டுகள் பனி கெடுத்தது. மமானி காட்டை விட்டு வரவில்லை. ஐந்தாவது ஆண்டில் காய் பிடித்தது.

1865-ம் ஆண்டு, விதை மூட்டையோடு நூற்றுக்கணக்கான மைல் கடந்து, லெட்ஜர் திரும்பி வந்திருந்த டாக்னா நகருக்கு மமானி வந்து சேர்ந்தார்.

லண்டனில் ஏமாற்றம்

லெட்ஜர் விதையை லண்டனில் இருந்த தம் சகோதரர் ஜார்ஜுக்கு அனுப்பினார். ஜார்ஜ் கியூ தோட்டத்துக்கு ஓடினார். அதுதான் சர்க்காரின் பெரிய தாவரத் தோட்டம். அங்கே விதையை வாங்க மறுத்துவிட்டார்கள்.

பிறகு அவர் டச்சுக்காரரை நாடினார். அவர்களும் தயங்கித் தயங்கி ஒரே ஒரு பவுண்டு எடை விதையை அற்ப விலைக்கு வாங்கினார்கள். மீதியை இந்தியாவில் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வாங்கினார். அது நீலகிரி சர்க்கார் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் இங்கே பெரிய பலன் கிட்டவில்லை.

ஜாவாவில் நடந்ததே வேறு. அந்த ஒரு பவுண்டு விதையில் சுமார் 12,000 கன்றுகள் தேறின. மரம் வளர்ந்ததும் பட்டையைச் சோதித்தவர்கள் அதிசயித்தார்கள். நூற்றுக்கு 13 பங்கு வரை கொய்னா இருந்தது! அதுவரை வளர்த்த மரங்களில் இரண்டு, மூன்று பங்கு கிடைப்பதே அரிது.

1930-களில் உலகக் கொய்னாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஜாவாவில் இருந்தே வந்தது. தென் அமெரிக்காவின் பட்டை வியாபாரம் எப்போதோ படுத்துவிட்டது.

மமானியின் முடிவு

இந்த வெற்றியை மமானி அனுபவிக்கவில்லை. லெட்ஜர் கேட்டபடி மறுபடியும் விதை எடுக்கப் போனபோது, கொரோய்கோ என்ற ஊரின் அதிகாரி அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். விதை யாருக்காக என்று கேட்டு அடித்தார்கள். பட்டினி போட்டார்கள். சுமார் 20 நாள் கழித்து வெளியே விட்டபோது, கழுதைகள், கம்பளிகள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் மமானி இறந்துபோனார்.

தம் நாட்டுச் சட்டத்தை அவர் மீறியது உண்மை. ஆனால் விதையால் பணம் குவித்தவர்கள் கடல் கடந்து சுகமாக இருந்தார்கள். அடி வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

இந்தக் கொடுமையை லெட்ஜர் மறைக்கவில்லை. தம் கடிதத்தில் எழுதி வைத்தார். மமானி என்று ஒருவர் இருந்ததே அதனால்தான் உலகுக்குத் தெரிந்தது.

லெட்ஜரின் கடைசிக் காலம்

முதுமையில் லெட்ஜர் மீண்டும் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். 1890-களில் அங்கே பாங்கிகள் முறிந்தன. அவர் சேமிப்பும் போயிற்று. உதவி கேட்டு எழுதினார். பிரிட்டிஷ் சர்க்கார் கை விரித்தது. கடைசியில், 1897-ம் ஆண்டு, டச்சு சர்க்கார் ஆண்டுக்கு 100 பவுன் பென்ஷன் கொடுக்க முன்வந்தது. அப்போது அவருக்கு வயது 79.

1905-ம் ஆண்டு, தம் 87-வது வயதில், சிட்னியில் அவர் காலமானார். கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 1994-ம் ஆண்டில்தான் அங்கே கல் நாட்டினார்கள்.

இன்று மலேரியாவுக்கு வேறு மருந்துகள் வந்துவிட்டன. அவற்றுள் முக்கியமானது சீன நாட்டுச் செடி ஒன்றில் இருந்து 1972-ம் ஆண்டு பிரித்து எடுத்தது. அந்தச் செடி நம் மாசிபத்திரிக்கு உறவு. ஆனாலும் கொய்னாவை டாக்டர்கள் அடியோடு கைவிடவில்லை.

மரத்தின் பெயரில் லெட்ஜர் இருக்கிறார். பனியில் நான்கு ஆண்டு காத்திருந்து அதன் விதையைப் பறித்தவர் மமானி. கொய்னாவின் கதையைச் சொல்கிறவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.