ஒரு மாத லீவில் ஒலிம்பிக் போன கணக்காளர்

மெல்பேர்ணின் பெர்விக் ஹை ஸ்ட்ரீட்டில் ஓர் ஓட்டக்காரரின் சிலை நிற்கிறது. டண்டினோங், நரே வொரன் பக்கமிருந்து வேலைக்கும் கடைக்கும் போய்வருகிற எங்கள் ஆட்களில் பலர் அதை எத்தனையோ தடவை கடந்திருப்பார்கள். யாரென்று இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. அவர் எட்வின் ஹரோல்ட் ஃபிளாக். அவுஸ்திரேலியாவின் முதல் ஒலிம்பிக் வீரர், முதல் ஒலிம்பிக் சம்பியனும் அவரே. தொழிலால் கணக்காளர். பிள்ளை என்னவாக வரவேண்டும் என்று எங்கள் வீடுகளில் போடும் பட்டியலில் வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் அடுத்தபடியாக நிற்கிற அதே கணக்காளர்.

அவரை ஏதென்ஸுக்கு எந்த அரசாங்கமும் அனுப்பவில்லை. அனுப்பிவைக்க அன்றைக்கு ஒலிம்பிக் சபையும் இங்கே இருக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் மைதானத்தில் ஓடத் தொடங்கி, அந்தப் பள்ளியின் பழைய மாணவர்களோடு ஓடி, கடைசியில் தன் செலவில் கப்பல் ஏறிப் போனவர். ஊரை விட்டு எவ்வளவு தூரம் வந்தாலும் பழைய மாணவர் சங்கத்தை மட்டும் கைவிடாத எங்களுக்கு இந்தக் கதை அவ்வளவு அந்நியமாக இராது.

ஃபிளாக் இந்த மண்ணில் பிறந்தவர் அல்ல. 1873 நவம்பர் 5ஆம் திகதி லண்டனில் பிறந்து, சிறு பிள்ளையாகப் பெற்றோருடன் மெல்பேர்ணுக்குக் குடிபெயர்ந்தவர். தகப்பன் ஜோசப் ஃபிளாக் இங்கே கணக்காளராகத் தொழில் செய்து, டேவி ஃபிளாக் என்ற நிறுவனத்தை நடத்தினார். வசதியான குடும்பம். மகனை மெல்பேர்ண் கிராமர் பள்ளியில் சேர்த்தார்கள். தெரிந்தவர்களுக்கு அவர் டெடி.

அந்தப் பள்ளிக்கூடங்களின் உலகத்தைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். மெல்பேர்ண் கிராமர் தற்போதைய இடத்தில் திறக்கப்பட்டது 1858இல். அதே ஆண்டு ஓகஸ்ட் 7ஆம் திகதி ஸ்கொட்ச் கல்லூரியுடன் அது ஓர் உதைபந்தாட்டம் ஆடியது. பக்கத்துக்கு 40 பேர். இன்றைய எம்சிஜி மைதானத்தை ஒட்டிய ரிச்மண்ட் புல்வெளியில், மரங்களுக்கிடையே ஆட்டம் நடந்தது. அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்துக்கு எழுதப்பட்ட விதிகளே அப்போது கிடையாது. அன்று முடிவு கிடைக்காததால் பிறகு இரண்டு சனிக்கிழமைகள் தொடர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு கோல், வெற்றி தோல்வியில்லை. அந்த இரு பள்ளிகளும் இன்றுவரை விடாமல் மோதுகின்றன.

1868இல் படகோட்டப் போட்டி தொடங்கியது. ஹெட் ஒஃப் த ரிவர் என்று இப்போதும் நடக்கிறது. காலப்போக்கில் ஸ்கொட்ச், மெல்பேர்ண் கிராமர், ஜீலோங் கிராமர், ஜீலோங் கல்லூரி, வெஸ்லி, சேவியர் என்று ஆறு பள்ளிகள் ஒன்றுக்கொன்று போட்டியாளராக அமைந்தன. பெயர் பப்ளிக் ஸ்கூல், ஆனால் பொதுமக்களுக்கான பள்ளி அல்ல. இங்கிலாந்து வழக்கப்படி கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிகளுக்கே அந்தப் பெயர். புதிதாக வந்த எங்கள் குடும்பங்கள் இந்தச் சொல்லில் இன்றும் தடுமாறுவதுண்டு.

யாருடன் யார், எந்தக் கிழமை ஆடுவது, எந்த வயது வரை ஒருவனை மாணவன் என்று களத்தில் இறக்கலாம் என்பதையெல்லாம் பேசித் தீர்க்க ஒரு சங்கம் வேண்டியிருந்தது. அதில் சிட்னி முந்திக்கொண்டது. அங்கே கிரேட் பப்ளிக் ஸ்கூல்ஸ் எனப்படும் பள்ளிகளின் விளையாட்டுச் சங்கம் 1892இல் உருவானது. ஜிபிஎஸ் என்று பெற்றோர் வாயில் அடிபடுவது அதுதான். மெல்பேர்ணின் ஆறு பள்ளிகளும் முறையாக ஏபிஎஸ் என்ற சங்கமானது 1908இல். 1958இல் மேலும் ஐந்து பள்ளிகளைச் சேர்த்துப் பதினொன்றாக்கினார்கள்.

யாழ்ப்பாணத்தில் சென் ஜோன்ஸுக்கும் மத்திய கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியதை நினைத்துப் பார்த்தால், இதெல்லாம் ஒரே காலத்து, ஒரே பேரரசின் பழக்கம் என்பது விளங்கும். எங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் இதே கிளையில் வந்ததுதான். ஆனால் ஓட்டக்காரனைப் பொறுத்தவரை சிக்கல் வேறு. துடுப்பாட்டக்காரனுக்குப் பள்ளிக்குப் பிறகும் கழகங்கள் இருந்தன. ஓடுகிறவன் பள்ளியை விட்டதும் எங்கே ஓடுவது?

மெல்பேர்ண் கிராமரின் பழைய மாணவர்களுக்கு அதற்கொரு வழி இருந்தது. மெல்பேர்ணியன் ஹெயர் அன்ட் ஹவுண்ட்ஸ் என்ற ஓட்டக் கழகம். முயலும் வேட்டை நாய்களும் என்பது பெயரின் பொருள். ஓரிருவர் முயலாகக் கடதாசித் துண்டுகளைத் தூவியபடி முன்னே ஓட, மற்றவர்கள் அந்தத் தடத்தைப் பிடித்துத் துரத்துவது இங்கிலாந்துப் பள்ளிகளில் பிறந்த விளையாட்டு. 1892இல் ஃபிளாக் இந்தக் கழகத்தில் ஓடத் தொடங்கினார். தகப்பனின் அலுவலகத்தில் வேலை, நேரம் கிடைக்கும்போது ஓட்டம். அடுத்த ஆண்டே அவுஸ்திரலேசிய ஒரு மைல் சம்பியன்.

1895இல் லண்டனுக்குப் போனார். ஓடுவதற்கல்ல, பிரைஸ் வோட்டர்ஹவுஸில் கணக்கியல் அனுபவம் பெறுவதற்கு. அடுத்த ஆண்டு ஏதென்ஸில் பழைய கிரேக்க விளையாட்டுக்களை மீண்டும் நடத்தப்போகிறார்கள் என்ற செய்தி பரவியது. ஒரு மாத லீவு கேட்டார், கிடைத்தது. ஐரோப்பாவைக் குறுக்காக ரயிலிலும் பிறகு கப்பலிலுமாகப் போனார். கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நோயாளி போலத்தான் போய் இறங்கினார்.

1896 ஏப்ரல் 6ஆம் திகதி விளையாட்டுக்கள் தொடங்கின. 14 நாடுகள் என்று கணக்கு. அவுஸ்திரேலியாவிலிருந்து இவர் ஒருவர்தான், அதுவும் நாடு என்று சொல்ல ஒரு நாடு இல்லாமல். விக்டோரியா அப்போது ஒரு பிரித்தானியக் குடியேற்றம். குடியேற்றங்கள் சேர்ந்து அவுஸ்திரேலியா ஆனது 1901இல். இவர் வென்றபோது ஏற்றுவதற்கு அவுஸ்திரேலியக் கொடி என்று ஒன்று இருக்கவில்லை. பழைய பள்ளியின் நிறங்களில்தான் ஓடினார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கொடி இல்லாதவனுக்குப் பள்ளி நிறம். இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு வேறு சில முகங்கள் ஞாபகம் வந்தன, விளக்கத் தேவையில்லை.

ஏப்ரல் 7, 1500 மீற்றர் இறுதி ஓட்டம். அதுவரை முடிந்திருந்த மெய்வல்லுநர் நிகழ்ச்சிகளை எல்லாம் அமெரிக்கர்களே அள்ளியிருந்தார்கள். பிரான்ஸின் லெர்மூசியோ முன்னே போக, கடைசிக் கட்டத்தில் ஃபிளாக்கும் அமெரிக்காவின் ஆதர் பிளேக்கும் அவரைக் கடந்தார்கள். ஃபிளாக் முதலாவது, நேரம் 4 நிமிடம் 33.2 செக்கன். இன்றைய பாடசாலைப் பையன்கள் பலர் இதைவிட விரைவாக ஓடிவிடுவார்கள். ஆனால் அந்தப் பழைய மைதானம் ஊசி போல நீண்டது. முனைகளில் திரும்பும்போது வேகத்தை விட்டுத்தான் திரும்ப வேண்டும். தரையும் இறுகாத தரை. இப்போதுள்ள வழக்கத்துக்கு மாறாக வலஞ்சுழியாக வேறு ஓடினார்கள்.

இடையில் டென்னிசும் ஆடினார். ஒற்றையரில் தோல்வி. இரட்டையரில் இங்கிலாந்தின் ரொபேர்ட்சனோடு சேர்ந்து ஆடியதற்கு இப்போது மூன்றாமிடம் கணக்கிடுகிறார்கள். யார் எதில் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்ற காலம் அது.

9ஆம் திகதி 800 மீற்றர், 2 நிமிடம் 11 செக்கனில் வெற்றி. இரண்டாவது ஹங்கேரியின் டானி. இத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் அன்றே குதிரை வண்டியில் ஏறி மரதன் என்ற ஊருக்குப் போனார், மறுநாள் 40 கிலோமீற்றர் ஓடுவதற்கு. அதற்கு முன் 10 மைலுக்கு மேல் அவர் ஓடியதில்லை.

மரதன் ஓட்டத்தில் 17 பேர் கிளம்பினார்கள். லெர்மூசியோ வெகுதூரம் முன்னே போய், 32 கிலோமீற்றரளவில் களைத்து விழுந்தார். ஃபிளாக் முன்னிலைக்கு வந்தார். சைக்கிளில் வந்தவர்கள் மைதானத்துக்கு முன்கூட்டியே செய்தி கொண்டுபோனார்கள், அவுஸ்திரேலியர் வருகிறார் என்று. கூட்டம் ஓய்ந்துபோனது. ஆனால் ஸ்பைரிடன் லூயிஸ் என்ற கிரேக்கர் மெல்ல மெல்ல நெருங்கி அவரைக் கடந்துவிட்டார். ஏறக்குறைய 37ஆவது கிலோமீற்றரில் ஃபிளாக் தள்ளாடினார். கூடவே சைக்கிளில் வந்த ஆங்கிலேய நண்பர், போர்வை எடுக்கப் போகும்போது விழாமல் பிடித்துக்கொள்ளும்படி ஒரு கிரேக்கரிடம் ஒப்படைத்தார். நினைவு தடுமாறியிருந்த ஃபிளாக், தன்னைத் தாக்க வருகிறார்கள் என்று எண்ணி அந்த நல்ல மனிதரை ஓங்கிக் குத்தி வீழ்த்திவிட்டார். பிறகு வண்டியில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். கிரேக்க இளவரசர் நிக்கொலஸ் தானே கவனித்து, முட்டையும் பிரண்டியும் கலந்த பானம் கொடுக்கச் செய்தார் என்கிறார்கள்.

வெற்றி பெற்றவர்களுக்கு அந்த முறை தங்கம் இல்லை. வெள்ளிப் பதக்கமும் ஒலிவ் கிளையும். இரண்டையும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டு, லீவு முடிய லண்டன் மேசைக்குத் திரும்பினார்.

1898இல் மெல்பேர்ணுக்கு வந்து தகப்பனின் நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் பிறகு போட்டிகளில் ஓடவேயில்லை, வயது 25கூட ஆகியிருக்கவில்லை. கணக்குத் தொழிலில் பெயரெடுத்தார். பெர்விக்கில் நிலம் வாங்கி ஃபிரீசியன் மாடு வளர்த்தார். திருமணம் செய்யவில்லை. 1935 ஜனவரி 10ஆம் திகதி இறந்தார். நெடுங்காலம் அவரை அவருடைய ஊரே மறந்திருந்தது.

இதை வைத்துக்கொண்டு, ஓடுகிற பிள்ளை கணக்காளராகவும் வரலாம் என்று பெற்றோருக்குப் பாடம் எடுக்க நான் விரும்பவில்லை. ஃபிளாக்கிடம் பணம் இருந்தது, லீவு தர நிறுவனம் இருந்தது, பின்னால் தகப்பனின் தொழில் இருந்தது. அதே காலத்தில் மெல்பேர்ணின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஏதென்ஸ் போயிருக்க முடியாது. ஆறு பள்ளிகளின் அந்த வட்டத்துக்குள்ளேயே அவன் நுழைந்திருக்க முடியாது. சிட்னியில் மட்டும் ஒரு விதிவிலக்கு நேர்ந்தது. 1906இல் சிட்னி ஹை என்ற அரசாங்கப் பாடசாலை ஜிபிஎஸ் சங்கத்துக்குள் வந்தது. இன்று தெரிவுப் பரீட்சை எழுதி அங்கே போகிற பிள்ளைகளில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சீட்டுக் கிடைக்கும் வரை ரியூசன். கிடைத்த பிறகுதான் சனிக்கிழமை விளையாட்டு என்று ஒன்று இருப்பதே வீட்டுக்குத் தெரியவருகிறது. தமிழ்ப் பள்ளியா, மைதானமா, இன்னொரு ரியூசனா என்ற இழுபறி தொடங்குகிறது. எங்கள் வீட்டிலும் நடந்தது. இன்னும் முடியவில்லை.

ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். 1956இல் மெல்பேர்ணில் ஒலிம்பிக் நடந்தபோது, இலங்கைக்காக எம்சிஜியில் உயரம் பாய்ந்தவர் யாழ் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியிலும் பாய்ந்தவர். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கம் வாங்கியவர். அவர் படித்துக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1858இல் 40 பேருக்கு 40 பேராக அந்தப் பையன்கள் பந்து உதைத்த புல்வெளி, அவர் பாய்ந்த மைதானத்தின் வாசலுக்கு வெளியேதான் கிடக்கிறது.

சிட்னி ஒலிம்பிக் பார்க்கில் ஃபிளாக்கின் பெயரில் ஒரு வீதி உண்டு. அங்குள்ள மெய்வல்லுநர் மைதானத்தின் முகவரியே எட்வின் ஃபிளாக் அவெனியூதான். ஹோம்புஷிலிருந்தும் வென்ற்வேர்த்வில்லிலிருந்தும் பாடசாலைப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றி வருகிற பெற்றோர், ஜிபிஎஸ் திரையில் அந்தப் பெயரைத் தட்டித்தான் வந்து சேருகிறார்கள். காரை நிறுத்த இடம் தேடி, இலக்கத்தைச் சட்டையில் குத்திவிட்டு, தண்ணீர்ப் போத்தலோடு பிள்ளையை வாசலில் இறக்கிவிடுகிறார்கள்.