ஏழு கடிகாரங்களைப் பிரித்த சிறுமி



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி யூனியன் செயலாளர் கேட்டார். எனக்குக் கவிதை வராது என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான். ஸ்டார்ட் ஆகாத கம்ப்யூட்டர் முன்னால் பயப்படாமல் எப்படி உட்காருவது என்பது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துபோன ஓர் அமெரிக்க அம்மையார், கிரேஸ் ஹாப்பர்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மாவின் தோடு அடகுக்குப் போய்த்தான் எனக்கு ஃபீஸ் கட்டினார்கள். முதல் வருஷம் லேப்பில் ஒருநாள் நான் பவர் பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுத்துச்சு, ஆனா ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து விட்டுவிட்டு நீளமாக ஒரு பீப் சத்தம். என் கை தொட்டுத்தான் கெட்டுப்போச்சு என்று நினைத்து வெலவெலத்துப் போனேன். ஒரு கம்ப்யூட்டர் விலைக்கு அப்பா எத்தனை மூட்டை தூக்கணும் என்று மனசு கணக்குப் போட்டது. என் மேல் தப்பில்லை என்று சார் சொன்னார். மெஷினில் 'வேலை செய்யவில்லை' என்று ஒரு சீட்டை ஒட்டி மூலையில் வைத்துவிட்டார்கள். பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அந்த வாரம்தான் லைப்ரரியில் கிரேஸ் ஹாப்பரைப் பற்றிப் படித்தேன்.

அவர் 1906 டிசம்பர் 9-ஆம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒன்றைப் பிரித்துப் போட்டார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. சரி, இன்னொன்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று அதையும் பிரித்தார். இப்படியே வீட்டில் இருந்த ஏழு கடிகாரமும் தரைக்கு வந்துவிட்டன! அம்மா அவரை அடித்து விரட்டவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொள் என்று அனுமதி கொடுத்தார்.

நண்பர்களே, ரிப்பேர் வேலையின் முதல் பாடம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிரிப்பது தப்பில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரிப்பதுதான் தப்பு.

அந்தச் சிறுமி வளர்ந்து வாசர் கல்லூரியில் 1928-இல் கணிதமும் இயற்பியலும் படித்து முடித்தார். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். வாசரிலேயே ஆசிரியையாகவும் இருந்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேரப் போனார். வயது அதிகம், எடை குறைவு என்று தடை சொன்னார்கள். தேவையான எடைக்கு 15 பவுண்டு குறைவாம். விடாமல் போராடி விலக்கு வாங்கி, 1943 டிசம்பரில் சேர்ந்தே விட்டார்.

1944-இல் அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்ட் ஐக்கன் என்பவரின் தலைமையில் மார்க் ஒன் என்ற கணிப்பொறி இருந்தது. நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை சுமார் 5 டன். நம்ம லேப்புக்குள்ளே அது நுழையவே நுழையாது. அதை இயக்குவதற்கான கையேட்டை எழுதும் பொறுப்பு ஹாப்பரிடம் வந்தது. 1946-இல் வெளிவந்த அந்தக் கையேடு ஐந்நூறு பக்கத்துக்கும் மேல். நாம் மதர்போர்டு அட்டைப்பெட்டியோடு சேர்த்து எறிகிற கையேட்டை எழுதுவதற்கும் ஒருவர் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா!

அடுத்து வந்தது மார்க் டூ. அது ரிலேக்களால் ஆனது. ரிலே என்றால் மின்காந்தம் இழுத்து மூடுகிற ஒரு சின்ன சுவிட்ச். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி அந்த மெஷின் தகராறு செய்தது. தேடிக்கொண்டே போனவர்கள் எஃப் பேனலில் 70-ஆம் எண் ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி மாட்டிச் செத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள். அதை எடுத்து லாக் புக்கில் டேப் போட்டு ஒட்டி, எந்த இடத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பூச்சியோடு இருக்கிறது.

பூச்சியைக் கண்டுபிடித்தது ஹாப்பர்தான் என்றும், 'பக்' என்ற சொல்லே அன்றுதான் பிறந்தது என்றும் பலர் சொல்கிறார்கள். இரண்டும் சரியில்லை. அந்தச் சொல் எடிசன் காலத்திலேயே இருந்தது. பூச்சியைப் பிடித்தவர்கள் உடன் வேலை பார்த்தவர்கள். ஊர் ஊராகப் போய் அந்தக் கதையைச் சொல்லி உலகம் முழுக்கப் பரப்பியவர் ஹாப்பர். எனக்குப் பூச்சியை விட அந்த லாக் புக்தான் பெரிசாகப் பட்டது. எந்த இடம், எந்த நேரம், என்ன கிடைத்தது என்று எழுதினால் அடுத்த ஆளுக்குப் பாதி வேலை மிச்சம்.

1949-இல் அவர் எக்கர்ட்–மாக்லி நிறுவனத்தில் சேர்ந்தார். 1952 வாக்கில் ஏ-ஜீரோ என்ற கம்பைலரை உருவாக்கினார். கம்ப்யூட்டர் கணக்கு மட்டும்தான் போடும், நிரலை அதுவே கோர்க்காது என்று பலர் நம்பாமல் இருந்த காலம் அது. பிறகு ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை தருகிற ஃப்ளோ-மேட்டிக் மொழியைக் கொண்டுவந்தார். 1959-இல் ஒரு குழு உருவாக்கத் தொடங்கிய கோபால் மொழிக்கு அது பெரிய அடிப்படையாக அமைந்தது.

சுமார் 30 சென்டிமீட்டர் ஒயர்த் துண்டுகளைக் கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுப்பாராம். ஒரு நானோ செகண்டில் மின்சைகை அதிகபட்சம் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான் என்று கண்ணுக்குக் காட்டுவதற்கு. அவர் அறையில் முள் பின்னோக்கிச் சுற்றுகிற ஒரு கடிகாரம் இருந்தது. எப்பவும் இப்படித்தான் செய்கிறோம் என்பது ஒரு காரணமே இல்லை என்று வருகிறவர்களுக்கு அது ஞாபகப்படுத்தும்.

இதைப் படித்தபோது எங்கள் பிராக்டிகல் வகுப்பு ஞாபகம் வந்தது. ஸ்குரூ டிரைவர் எப்பவும் பையன்கள் கையில். கையெழுத்து நல்லா இருக்குன்னு ரெக்கார்டு நோட்டு எங்க கையில். எப்பவும் அப்படித்தான்.

மறுநாள் சாரிடம் போய் அந்த மூலை மெஷினை நான் பார்க்கட்டுமா என்று கேட்டேன். யோசித்து, கூடவே நிற்கிறேன் என்ற நிபந்தனையோடு விட்டார். நான் ஒரு நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே பார்த்தேன். ஃபேன் சுத்துது, அதனால கரண்ட் வருது. மானிட்டர் கேபிளை மாற்றினேன், பலனில்லை. போர்டு கையேட்டில் அந்த பீப்புக்கு அர்த்தம் பார்த்தேன், ராமைக் கவனி என்றிருந்தது. பவர் கேபிளைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு மூடியைத் திறந்தேன். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது, கரண்டை நிறுத்திய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

இரண்டு ராம்களையும் கழற்றி ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆனது! திரும்ப அணைத்து, கேபிளைப் பிடுங்கி, அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் மற்றதைப் போட்டேன். பழைய பீப். அதன் பொன்னிற முனைகள் அழுக்கேறி மங்கியிருந்தன. ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதி, க்ளிக் என்று சத்தம் வரும்வரை அமுக்கினேன். பவர் கொடுத்ததும் ஸ்கிரீனில் வெளிச்சம் வந்தது. பூச்சி ஒன்றும் இல்லை, வெறும் அழுக்குதான். ஆனால் விஷயம் ஒன்றே. தொட வேண்டிய இரண்டு உலோகத்துக்கு நடுவில் ஏதோ ஒன்று புகுந்துவிட்டது.

ஹாப்பர் அம்மையார் 1986-இல் தன் 79-ஆம் வயதில் ரியர் அட்மிரலாகக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1-ஆம் தேதி மறைந்தார். அவர் பெயரில் ஒரு போர்க்கப்பல் ஓடுகிறது. 2016-இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பாவுக்கு ராம் என்றால் என்னவென்று புரியவில்லை. திறந்ததைத் திரும்ப மூடினியா என்று மட்டும் கேட்டார். மூடினேன்ப்பா என்றேன். இப்போது எங்கள் பேட்ச்சில் ஸ்குரூ டிரைவரும் ரெக்கார்டு நோட்டும் முறை வைத்துக் கை மாறுகின்றன. தோழிகளே, உங்கள் முறை வரும்போது தள்ளி நிற்காதீர்கள். திறங்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கடிகாரம்!

– மாணவி, இரண்டாம் ஆண்டு, கணிப்பொறித் துறை